கழுவுகிறவள் எங்கே?

2008ஆம் வருஷம் ஜெர்மனியில் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் சார்லோட் ரோஷ். இங்கிலாந்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சி நடத்திப் பேர் வாங்கியவர். நாவலின் தலைப்பைத் தமிழில் 'ஈரநிலங்கள்' என்று சொல்லலாம். ஹெலன் மெமெல் என்ற 18 வயதுப் பெண், ஆசனவாய்ப் பக்கம் சவரம் செய்யும்போது கீறிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறாள். படுத்த இடத்திலிருந்தே தன் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். மூலம், சீழ், மாதவிடாய் ரத்தம், சளி, பீ, மூத்திரம் – பாக்கி எதுவும் இல்லை. மூடு, மறை, கழுவு என்று அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் எடுத்துக் கடைபரப்புகிறாள்.

கண்ணியவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய மூக்கோடேயே வாங்கவும் செய்தார்கள். 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2013ல் சினிமாவாகவும் வந்தாயிற்று. 'இது இலக்கியமா, சாக்கடையா?' என்று ஒரு கட்சி. 'இதுதான் பெண் உடலின் கலகம், இதுதான் விடுதலை' என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சிகளின் சத்தத்தில் ஒரு சின்னக் கேள்வி காணாமல் போய்விட்டது. இந்த அழுக்கையெல்லாம் கழுவுகிறவள் யார்? அவள் இந்தப் பக்கங்களில் எங்கே நிற்கிறாள்?

இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? தமிழில் 'தீட்டு' என்று ஒரே சொல். பெண்ணின் மாதவிடாய்க்கும் அதே சொல்தான், சாதியின் விலக்குக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லால் அடிபட்டவர்களுக்கு அருவருப்பு என்பது கருத்தரங்கில் வாசிக்கிற கோட்பாடு அல்ல. யார் எங்கே உட்காரலாம், யார் தண்ணீரை யார் குடிக்கலாம் என்று முடிவுகட்டுகிற அதிகாரம் அது. ஆகவே ஜெர்மன் மொழியில் எழுதுகிற பெண்களின் புனைவுகளில் உடலும் குமட்டலும் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கும்போது, மூக்கைப் பொத்துகிறவர்களோடும் நாம் சேர முடியாது. கைதட்டுகிறவர்களோடும் கண்ணை மூடிக்கொண்டு சேர முடியாது.

முதலில் மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்துவிடுவோம். இவர்கள் பேசுகிற அழகியலுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. இம்மானுவேல் கான்ட் 1790ல் வெளியிட்ட நூலில் ஒரு விதி போடுகிறார்: நோய், போர், நாசம் எதையும் கலை அழகாகக் காட்டிவிட முடியும், அருவருப்பை மட்டும் முடியாது, அது கலை இன்பத்தையே அழித்துவிடும். சரி அய்யா. இதே கான்ட் 1775ல் மனித இனங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் கறுப்பின மக்கள் எல்லோரும் நாறுகிறவர்கள் என்று எழுதி, அதற்கு ரசாயனக் காரணமும் கண்டுபிடித்துச் சொல்கிறார். மூக்கு ஒன்றுதான். ஒரு துவாரம் கலையை மோந்து பார்க்க, இன்னொரு துவாரம் இனத்தை மோந்து பார்க்க!

வின்ஃப்ரீட் மென்னிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1999ல் அருவருப்பின் வரலாற்றை ஒரு தனி நூலாகவே எழுதினார். 18ஆம் நூற்றாண்டு அழகியல்காரர்கள் அருவருப்புக்கு உதாரணம் தேடியபோது அவர்கள் கைக்கு வாகாக அகப்பட்டது கிழவியின் உடல் என்று அதில் காட்டுகிறார். அழகின் இலக்கணம் இளைஞனின் மழமழப்பான சலவைக்கல் உடம்பு. அருவருப்பின் இலக்கணம் சுருங்கித் தொங்கிய பெண்ணுடம்பு. ஆக, கண்ணியவான்களின் மூக்கு நடுநிலையான மூக்கு அல்ல. அது ஆண் மூக்கு, வெள்ளை மூக்கு, உடைமை உள்ளவன் மூக்கு.

அந்த மூக்கு சட்டம் போடுகிற இடத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த மண் பார்த்திருக்கிறது. ஆல்ஃபிரட் புளோட்ஸ் என்ற மருத்துவர் 1895ல் 'இனச் சுகாதாரம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1933 ஜூலையில் நாஜி அரசு சட்டம் போட்டது. அதன்படி சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1940ல் எடுத்த பிரச்சாரப் படத்தில் யூத மக்களையும் எலிக்கூட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். பூச்சி கொல்ல வைத்திருந்த சைக்ளோன் பி என்ற விஷத்தால் ஆஷ்விட்ஸில் மனிதர்களைக் கொன்றார்கள். குளிக்கப் போகிறீர்கள் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்கள். சுத்தம் என்ற சொல் அவ்வளவு தூரம் போகும். இதைத் தெரிந்துகொண்டு 'பெண்கள் ஏன் இப்படி அசிங்கமாக எழுதுகிறார்கள்?' என்று கேட்பவனிடம், உன் சுத்தத்தை நாங்கள் பார்த்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த அளவில் ரோஷ் பக்கம் நியாயம் உண்டு. பெண் என்றால் மயிரில்லாமல், வாடையில்லாமல், கசிவில்லாமல் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்க வேண்டும் என்று சோப்புக் கம்பெனியும் சவரக் கம்பெனியும் சேர்ந்து போடுகிற சட்டத்தை அவர் கிழிக்கிறார். ஹெலனின் அழுக்கு வெறும் விளையாட்டும் அல்ல. அவளுடைய அம்மா சுத்தப் பைத்தியம். அந்த அம்மாவே மகனையும் சேர்த்துக்கொண்டு காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுச் சாகப் பார்த்தவள். அதைப் பார்த்த மகள் ஹெலன். பிரிந்துபோன அப்பனையும் ஆத்தாளையும் தன் கட்டிலருகே சேர்த்துவைக்க வேண்டும் என்பதற்காக, ஆறிவருகிற புண்ணைத் தானே மறுபடியும் கிழித்துக்கொள்கிறாள். சுத்தமான வீட்டுக்குள் இருந்த சாவை இந்த அழுக்குப்பிள்ளை வெளியே சொல்லிவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு இந்த உடம்பைத் தவிர வேறு பாஷை இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த நாவலை விமர்சிப்பது யோக்கியம் ஆகாது.

ஆனால் அத்தோடு விட முடியாது. ஹெலனுக்கு ஒரு பழக்கம். பொதுக் கழிப்பறைக்குள் போனால் அசிங்கமாகக் கிடக்கிற இருக்கையைத் தன் குறியாலேயே ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு உட்காருவாள். கிருமிப் பயத்தை எள்ளி நகையாடுகிற சாகசம் இது. நல்லது. அவள் எழுந்து போன பிறகு? அந்த இருக்கையைக் கழுவ ஒருத்தி வருவாள். ஜெர்மனியில் கழிப்பறை வாசலில் சில்லறைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. துப்புரவு வேலையில் பெண்களும், வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் பெருங்கூட்டமாக இருக்கிற தேசம் அது. நாவல் முழுக்க ஹெலன் ஒருத்தியின் குரல்தான். கழுவ வருகிறவளின் குரல் அங்கே ஒலிக்காது. அவளுக்கு அந்த அழுக்கு சாகசம் இல்லை. அவளுடைய எட்டு மணி நேரம்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹெலன் அழுக்கை எடுத்துப் பூசிக்கொள்கிறாள். வேண்டாம் என்று நினைத்த நிமிஷத்தில் குளித்துவிட்டு வரலாம். அவள் 'சுத்தமானவள்' என்ற பிறப்புரிமையை எவனும் பிடுங்க மாட்டான். கழுவுகிறவள் எத்தனை தரம் குளித்தாலும் அவள் மேல் ஒட்டவைத்த அழுக்கு போகாது. முன்னது வேஷம் என்று நான் சொல்லவில்லை. திரும்பிவர டிக்கெட் கையில் வைத்திருக்கிறவளின் பயணம் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. 18 வயது ஆனதும் ஹெலன் தானாகவே போய்க் கருத்தடை செய்துகொள்கிறாள். என் உடம்பு, என் முடிவு. மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மண்ணில் ரோமா, சிந்தி பெண்களையும், ஊனமுற்றவர்கள், மனநோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட ஏழைகளையும் பிடித்துவந்து, அழுக்கு ரத்தம் பெருகக் கூடாது என்று அறுத்துவிட்டார்கள். அந்தத் தழும்போடு அவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தும் இருந்தார்கள். 'கருத்தடை' என்ற ஒரே சொல் ஒருத்திக்கு விடுதலை, இன்னொருத்திக்கு அழித்தொழிப்பு. ரோஷின் உடல் அரசியலில் முதல் ஒருத்திக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. உடல் என்று பொதுவாகப் பேசினால் இப்படித்தான் ஆகும். உடல் என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த உடல், யாருக்குக் கீழே இருக்கிற உடல் என்று கேட்க வேண்டும்.

சரி, ஜெர்மன் மொழியில் இதைக் கேட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ரோஷுக்கு முன்னாலேயே இருக்கிறார்கள்.

ஹெர்த்தா முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953ல் ருமேனியாவின் பனாத் பகுதியில் ஜெர்மன் பேசும் கிராமத்தில் பிறந்தவர். தன் அப்பா ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்தவர் என்பதை மறைக்காமல் சொன்னவர். 2009ல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய முதல் தொகுப்பு 1982ல் புக்காரெஸ்டில் தணிக்கைக்குப் பிறகு வெளிவந்தது. அதில் இரண்டே பக்கத்தில் ஒரு சின்னக் கதை: சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்வாபியக் குடும்பம் குளிக்கிறது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். முதலில் சின்னக் குழந்தை, பிறகு அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா. ஒவ்வொருவரும் உடம்பைத் தேய்க்கத் தேய்க்க அழுக்கு உருண்டு உருண்டு வருகிறது. தண்ணீர் கறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் எல்லோரும் 'சுத்தமாக' வந்து டி.வி. முன்னால் உட்காருகிறார்கள். அவ்வளவுதான் கதை.

இந்தக் கதை 1981ல் அங்கேயுள்ள ஜெர்மன் பத்திரிகையில் வந்தபோது சொந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஏன்? யாரும் யாரையும் அதில் திட்டவில்லையே! சுற்றியிருக்கிற மற்றவர்களைவிட நாங்கள் ஒழுங்கு, நாங்கள் சுத்தம் என்பதுதான் அந்தச் சமூகத்தின் பெருமை. முல்லர் அந்தப் பெருமையைத் தொட்டிக்குள் உட்காரவைத்துத் தேய்த்துக் காட்டிவிட்டார். தலைமுறை தலைமுறையாக ஒருவர் அழுக்கில் ஒருவர் முங்கி எழுந்து அதற்குச் சுத்தம் என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார். இங்கே அருவருப்பு கீழ்நோக்கிப் பாயவில்லை. சுத்தக்காரன் முகத்துக்கே திரும்பிப் பாய்கிறது.

ஜெர்மனில் ஒரு வசைச்சொல் உண்டு: கூட்டை அசிங்கப்படுத்துகிற பறவை. சொந்த வீட்டு நாற்றத்தை வெளியே சொல்கிறவர்களுக்கு வைக்கிற பேர். முல்லரை அப்படித்தான் ஏசினார்கள். ஆஸ்திரியாவில் எல்ஃப்ரீடே யெலினெக்கையும் அப்படித்தான் ஏசினார்கள். 1995ல் வலதுசாரி சுதந்திரக் கட்சி வியன்னா நகரத்துச் சுவர்களில் யெலினெக் பேரைப் போட்டு, இவர்கள் வேண்டுமா, கலை பண்பாடு வேண்டுமா என்று தேர்தல் சுவரொட்டியே ஒட்டியது. 2004ல் அவருக்கு நோபல் கொடுத்தபோது, இது வெறும் ஆபாசம் என்று சொல்லி மறு வருஷம் ஸ்வீடிஷ் அகாதெமி உறுப்பினர் கனூட் ஆன்லுண்ட் விலகினார். மூக்கு ஸ்டாக்ஹோமிலும் உண்டு.

யெலினெக் என்ன செய்தார்? 1989ல் வந்த அவருடைய 'காமம்' நாவலில் மலைக்கிராமத்துக் காகித ஆலையின் இயக்குநர் ஒருவன். எய்ட்ஸ் பயத்தால் விலைமாதரிடம் போவதை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டி கெர்ட்டியின் மேல் பாய்கிறான். பாய்கிறான், பாய்கிறான், பக்கத்துக்குப் பக்கம் பாய்கிறான். படிக்கிறவனுக்குக் கிளுகிளுப்பு வராது, குமட்டல்தான் வரும். அதுதான் குறி. அதே முதலாளிதான் ஆலைத் தொழிலாளிகளைச் சேர்த்துப் பாட்டுக் குழு நடத்துகிறான். வேலை நிலைக்க வேண்டுமானால் பாடத்தான் வேண்டும். படுக்கையறையில் நடப்பதும் ஆலையில் நடப்பதும் ஒரே கணக்கு, ஒரே உடைமை என்று யெலினெக் போட்டு உடைக்கிறார். ஆபாசம் எழுத்தில் இல்லை அய்யா, உங்கள் உடைமையில் இருக்கிறது. உள்ளதைத் தானே எழுதியிருக்கிறாள்!

அவர் 1983ல் எழுதிய 'பியானோ ஆசிரியை' நாவலில், மேட்டு இசையின் புனித வாரிசான எரிகா கோஹுட் வியன்னாவில் ரயில் பாலத்து வளைவின் கீழே இருக்கிற, காசு போட்டு நிர்வாணம் பார்க்கும் கூடத்துக்குப் போகிறாள். துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்த கூலிக்காரர்கள் வரிசையில் நிற்கிற இடம் அது. அங்கே எவனோ போட்டுவிட்டுப் போன காகிதக் கைக்குட்டையை எடுத்து மோந்து பார்க்கிறாள். ஷூபெர்ட்டும் இந்த நாற்றமும் ஒரே நகரத்துச் சரக்குகள் என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

யெலினெக்குக்கு நம் பக்கமும் ஒரு சங்கதி உண்டு. 1995 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் ஊரில் ரோமா குடியிருப்புக்கு அருகே ஒரு பலகை நட்டுவைத்திருந்தார்கள். ரோமாக்களே இந்தியாவுக்குத் திரும்பிப் போங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை அப்புறப்படுத்தப் போன நாலு பேர் குண்டு வெடித்துச் செத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவை விட்டுப் போன மக்கள். போன இடத்திலும் அழுக்கு என்றுதான் பேர். யெலினெக் அதைப் பற்றி ஒரு நாடகமே எழுதி, அது 1996ல் மேடை ஏறியது. ஆபாச எழுத்தாளர் என்று சொல்லப்பட்டவருக்குத்தான் செத்தவர்களைப் பற்றிப் பேச வாய் இருந்தது.

சரி, ஆரம்பத்துக் கேள்விக்கு வருவோம். கழுவுகிறவள் எங்கே? அவள் 1990லேயே வந்துவிட்டாள். பேர் ஏமினே செவ்கி ஓஸ்டாமர். துருக்கியில் பிறந்து, 1960களில் தொழிலாளியாக பெர்லினுக்கு வந்தவர். 1961ல் ஜெர்மனியும் துருக்கியும் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது, இஸ்தான்புல்லில் ஜெர்மன் மருத்துவர்கள் வரிசையாக நிற்கவைத்து, உடுப்பைக் களையச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, மூத்திரத்தை வாங்கிப் பரிசோதித்துத்தான் ஆள் எடுத்தார்கள். மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஹெலன் தன் மூத்திரத்தைப் பற்றித் தானாகப் பேசினாள். இவர்களிடம் குப்பியைக் கொடுத்துக் கேட்டு வாங்கினார்கள்.

ஓஸ்டாமர் 1990ல் வெளியிட்ட முதல் தொகுப்பில், ஒரு துப்புரவுக்காரியின் உத்தியோக உயர்வைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. தன் நாட்டில் ஒஃபீலியா வேஷம் கட்டியவள், ஜெர்மனியில் தரை துடைக்கிறாள். துடைத்துக்கொண்டே ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களையும் ஐரோப்பாவின் பெரிய பெரிய சரித்திர புருஷர்களையும் தன் மண்டைக்குள் மேடையேற்றி ஆட்டிவைக்கிறாள். 1998ல் வந்த நாவலில், பெர்லின் வானொலிக் குழாய்த் தொழிற்சாலையில் வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வேலை செய்கிற துருக்கிப் பெண்களைக் காட்டுகிறார். இடுக்கி இடுக்கி முகமே ஒரு பக்கம் சுருங்கிப்போகிறது. உடல் இங்கேயும் மையம்தான். ஆனால் இது காட்டிக்கொள்கிற உடல் அல்ல. வேலையால் கோணிப்போன உடல். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வருகிறது, அழுகை வருவதில்லை. பரிதாபப்பட நமக்கு இடம் கொடுப்பதும் இல்லை. 2022ல் ஜெர்மனியின் உயர்ந்த விருதான பூக்னர் பரிசை இவருக்குத்தான் கொடுத்தார்கள். முப்பது வருஷம் பிடித்தது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். 'ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எழுதினால் அதில் துப்புரவுத் தொழிலாளியையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா? இலக்கியம் என்ன தொழிற்சங்கத் தீர்மானமா?' வேண்டாம். பாத்திரப் பட்டியல் போட்டு, துருக்கிப் பெண் ஒன்று, ரோமாப் பெண் ஒன்று என்று ஒதுக்கீடு நிரப்பச் சொல்லவில்லை. முல்லரின் கதையில் வெளியாள் ஒருவர்கூடக் கிடையாது. தொட்டியில் இருக்கிறதெல்லாம் ஒரே குடும்பம். இருந்தாலும் அவர் கதை இனப்பெருமையின் அடிமடியில் கை வைக்கிறது. காரணம், சுத்தம் என்ற அதிகாரத்தை அவர் தொட்டுவிட்டார். ரோஷ் அழுக்கைத் தொட்டார், சுத்தத்தைத் தொடவில்லை. அழுக்கு இனிமையானது என்று சொன்னால் சுத்தக்காரன் கொஞ்ச நேரம் முகம் சுளித்துவிட்டு 20 யூரோ கொடுக்காமலா போய்விடுவான்? வாங்கிப் படித்து, அதிர்ந்து, கைகழுவிவிட்டுப் போய்விடுவான். உன் சுத்தமே அழுக்கு என்று சொன்னால்தான் அவனுக்குச் சுடும். அப்போதுதான் சுவரொட்டி ஒட்டுவான், அகாதெமியை விட்டு விலகுவான், ஊரைக் கூட்டித் திட்டுவான்.

தோழர்களே, எழுதுகிறவர்களே, இங்கேயும் உடலை எழுதுகிற எழுத்து வளர்ந்திருக்கிறது. பீ, மூத்திரம் என்று எழுதினதற்காகவே இது இலக்கியமா என்று கேட்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இனியும் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே சமயம், அசிங்கமாக எழுதினாலே கலகம் என்ற மயக்கமும் வேண்டாம். ஒரு பக்கத்தில் நாற்றம் வீசுகிறது என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். மோந்து பார்க்கிறது யாருடைய மூக்கு? நாறுகிறது என்று யாருடைய உடம்பைச் சொல்கிறார்கள்? எல்லாம் முடிந்தபின் விளக்குமாற்றோடு வருகிறவள் யார்? முதலாளியின், குடும்பத்தின், இனத்தின் சுத்தத்தை நாறவைக்கிற எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் நம்முடையது. மற்றதை வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அதற்குப் பின்னாலும் துடைப்பதற்கு ஒருத்தியை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பார்க்க முடியாது.